பன்னிரண்டாவது கட்டம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் தட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவள் நான். யார் எதை மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே அந்த வகுப்பில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். மரிபி டீச்சர் எந்த வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாரோ, அந்த வகுப்புத் தட்டுகளில் கறுப்புக் கடற்பாசி ஓர் இழைகூட மிச்சம் இருக்காது.

முழுப்பெயர் மாரிவிக் துலாய். பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊர். எங்கள் வாயில் அது மரிபி ஆகிவிட்டது. ஜப்பானில் எங்கள் கடற்கரையோரம் இருக்கும் மூன்று பள்ளிக்கூடங்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நகரசபை அவரை வரவழைத்திருந்தது. குடியிருக்கக் கொடுத்தது எங்கள் சந்தில், என் வீட்டுக்கு அடுத்த வீடு. அதற்கும் அடுத்தது புசாயேயின் வீடு.

அவருடைய ஜப்பானிய மொழியில் பாதி கல்லூரியில் கற்றது, மீதி எங்கள் பிள்ளைகளிடம் கற்றது. அதனால் தலைமையாசிரியரிடமே, "மன்னிக்கணும் ஐயா, கொஞ்சம் இங்கிட்டு வாடா" என்பார். தலைமையாசிரியரும் சிரித்துக்கொண்டே போவார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர்க்கூடத்தில் பெரியவர்களுக்கும் வகுப்பு எடுத்தார். நானும் போவேன். நடுநிலைப் பள்ளியோடு படிப்பை விட்டு மீன் பதனிடும் ஆலைக்குப் போனவள் நான். கதவோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், வாயே திறக்கமாட்டேன். டீச்சர் என்னை ஒருநாளும் எழுப்பி நிறுத்தியதில்லை. தேநீர் ஊற்றும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். ஐந்து மாதம் கழிந்தபின் ஒருநாள், கோப்பையை வாங்கிக்கொண்டே, இன்றைக்குப் பள்ளிக்கூட சூப்பில் என்ன போட்டீர்கள் என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். என்னை அறியாமல் "ராடிஷ்" என்றேன். கூடமே கை தட்டியது. வீடு வந்து சேரும்வரை என் காது சுட்டது.

எங்கள் சந்துக்கே அவர் மேல் கொள்ளை ஆசை. காலையில் அவர் கதவைத் திறந்தால் வாசலில் முள்ளங்கி இருக்கும், காய்ந்த கணவாய் இருக்கும், யார் வைத்தது என்று தெரியாத முட்டைக்கோஸ் இருக்கும். முனை வீட்டு இஹாரா பெரியவர் வலையிலிருந்து எடுத்த முதல் மீனைத் தன் வீட்டுக்குக்கூடக் கொடுக்காமல் இவருக்குக் கொண்டுவருவார். "என் மருமக கருக்கிடுவா. நீதான் மீனுக்கு மரியாதை தெரிஞ்சவ" என்பார்.

இவ்வளவு ஆசை இருந்தும் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். ஆசையினாலேயே செய்த தப்பு.

எங்கள் சந்தில் சுற்றறிக்கை அட்டை ஒன்று வீடு வீடாகப் போகும். சாக்கடை தூர்வாரும் நாள், சந்துக்குப் பொதுவான குப்பைக்கூண்டைக் கழுவும் முறை, சாவுச் செய்தி எல்லாம் அதில்தான் வரும். படித்துவிட்டு, நம் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில், கையெழுத்துக்குப் பதிலாக நம் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். டீச்சர் குடிவந்த வாரம் சந்துத் தலைவர் குவாபாரா எங்களைக் கூட்டினார். முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர், அட்டை விஷயத்தில் ரொம்பக் கறார்.

"பாவம், அந்தப் பொண்ணு நம்ம எழுத்தோட மல்லுக்கட்டிட்டு உக்காரணுமா? அவ வீட்டை விட்டுடுவோம். வேலையும் வேணாம். விருந்தாளி மாதிரி வச்சுக்குவோம்."

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். பதினோரு கட்டத்தோடு அட்டை சுற்றியது. என் முத்திரையைக் குத்திவிட்டு, டீச்சர் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் புசாயேயிடம் கொடுப்பேன். நான் தாண்டும்போதெல்லாம் டீச்சர் வீட்டு ஜன்னல் திரை லேசாக அசையும். பார்த்தும் பார்க்காதவள் போலப் போய்விடுவேன்.

சாக்கடை தூர்வாரும் ஞாயிற்றுக்கிழமை, மண்வெட்டிச் சத்தம் கேட்டு டீச்சர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பூட்ஸ் புத்தம்புதிது.

"ஐயய்யோ டீச்சர், நீங்க போய்த் தூங்குங்க!" என்று குவாபாரா கும்பிட்டார்.

"இந்தச் சேறு நம்ம ஊர்ச் சேறு, வெளியூர் ஆளுங்களைக் கடிக்கும்" என்றாள் புசாயே. எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் வருடம் ஜனவரியில் இஹாரா பெரியவர் போய்விட்டார். அவசரத்துக்கான சிவப்புக் காகிதம் குத்திய அட்டை ஒரு மணி நேரத்தில் சந்தைச் சுற்றி வந்தது. டீச்சர் வீட்டில் விளக்கு எரிந்தது. புசாயே சொல்லிவிடுவாள் என்று நினைத்து நான் தாண்டிப் போனேன். நான் சொல்லியிருப்பேன் என்று புசாயே நினைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் டீச்சர் வழக்கம்போல் பிள்ளைகளோடு ஆங்கிலப் பாட்டுப் பாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். இஹாரா வீடு வந்ததும் பிள்ளைகள் சட்டென்று பாட்டை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர் மட்டும் கையை வீசிக்கொண்டு இன்னும் இரண்டு வரி பாடினார். அப்புறம்தான் கதவில் ஒட்டியிருந்த கறுப்புக் கரைக் காகிதத்தைப் பார்த்தார். நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கினுயோ சான், தாத்தா போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட்டையில வந்துச்சு டீச்சர்."

"என் வீட்டைத் தாண்டிக் கொண்டுபோவீங்களே, அதுவா?"

தலையாட்டினேன்.

"அது ஏதோ கோயில் சமாச்சாரம், வெளியாள் தொடக்கூடாதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இன்னொரு வருடம் இருக்கிறாயா, போகிறாயா என்று நகரசபை கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் கொடுக்கவேண்டும்.

"இருக்கணும்னுதான் இருந்தேன். ஆனா இன்னைக்கு யோசிச்சேன். இந்த ஊர்ல எல்லாரும் எனக்கு முள்ளங்கி குடுக்குறாங்க, ஒருத்தர்கூட வேலை குடுக்கல. எத்தனை வருசம் விருந்தாளியாவே இருக்குறது?"

தாளை மடித்துவைத்துக்கொண்டு, இஹாரா வீட்டில் எப்படித் துக்கம் கேட்பது, ஊதுவத்தி எப்படி வைப்பது என்று கேட்டார். செய்து காட்டினேன். இருவரும் சேர்ந்தே போனோம்.

புதன்கிழமை வழக்கமான அட்டை வந்தது. பிப்ரவரி மாதக் குப்பைக்கூண்டு முறை போட்டிருந்தது. அடுப்பில் வைத்த சோறு தீயும்வரை அந்தப் பதினோரு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்கேலை வைத்து, என் கட்டத்துக்கும் புசாயேயின் கட்டத்துக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் நழுவியதில் கோடு கொஞ்சம் கோணலாகிவிட்டது. "துலாய்" என்று எழுதினேன். முறைப் பட்டியலிலும் வரிசைப்படி அந்தப் பெயரைச் சேர்த்தேன். கொண்டுபோய் டீச்சர் கையில் கொடுத்தேன்.

"படிச்சு முத்திரை குத்தி, புசாயேகிட்டக் குடுங்க."

அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். அட்டை வியாழக்கிழமை காலையில்தான் புசாயேயிடம் போனது. எங்கள் சந்தில் அட்டை ஒரு ராத்திரி ஒரே வீட்டில் தங்கியது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் குவாபாரா என் வாசலில் நின்றார். பின்னால் புசாயே.

"யாரைக் கேட்டுக் கோடு போட்டே கினுயோ?" என்றார் குவாபாரா.

"அதுவும் கோணலா!" என்றாள் புசாயே.

என் கணவர் ஷோகிச்சி உள்ளே கணவாய்த் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். வரவில்லை. நானே சொன்னேன்.

"நம்ம சந்துல பன்னெண்டு வீடு இருக்கு. கட்டம் பதினொண்ணுதான் இருந்துச்சு."

நான் பேசி குவாபாரா கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அட்டையிலிருந்த முறைப் பட்டியலைத் தொட்டுக் காட்டினார்.

"கூண்டு கழுவுற முறை அவளுக்கும் வரும், தெரியும்ல? காக்கா கிழிச்சுப் போட்டதெல்லாம் கையால பொறுக்கணும். குப்பையைத் தப்பா பிரிச்சிருந்தா நான் திட்டுவேன். டீச்சருன்னு பாக்கமாட்டேன்."

"திட்டுங்க. அதைத்தான் கேக்குறாங்க."

உள்ளேயிருந்து ஷோகிச்சி, "தலைவரே, என் பொண்டாட்டி முப்பது வருசத்துக்கும் சேத்து இன்னைக்குப் பேசிட்டா. கெளம்புங்க, இல்லன்னா இன்னும் வரும்" என்று சிரித்தார்.

குவாபாரா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீச்சரின் முத்திரை நேராக, கட்டத்தின் நட்டநடுவில் விழுந்திருந்தது. "குத்தத் தெரியுது" என்று முனகிவிட்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினாரோ, எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். குளிர்காற்று என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளின் தட்டுகளோடு தன் தட்டையும் எடுத்துக்கொண்டு டீச்சர் என் ஜன்னலுக்கு வந்தார். அன்றைக்குக் கானாங்கெளுத்தி. முள் மட்டும் மிச்சம் இருந்தது.

"காலையில தாளைக் குடுத்துட்டேன்" என்றார்.

என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தட்டை வாங்கித் தண்ணீரில் போட்டேன். அவர் போகாமல் அங்கேயே நின்றார்.

"கினுயோ சான், கூண்டு முறை பிப்ரவரி மூணாவது வாரம்னு போட்டிருக்கே. பனி இடுப்பு உசரம் இருக்குமாமே."

"இருக்கும்."

"அடுத்த வருசமும் எனக்கு பிப்ரவரிதானா? வேற மாசம் மாத்தித் தரமாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்றேன். முகத்தைக் காட்டாமல் இருக்கத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று தட்டைத் தேய்த்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், இது அநியாயம், குவாபாராவிடம் சண்டை போடப்போகிறேன் என்று பிள்ளைகளின் பேச்சில் திட்டிக்கொண்டே போனார்.