அரசியின் துணியும் ஐந்து வாக்கியங்களும்

உள்மதிப்பீட்டு விதிகள், பிரிவு ஏழு, உட்பிரிவு இரண்டு: பதிவேட்டில் ஏறிவிட்ட மதிப்பெண்ணில் பிழை இருப்பதாக ஆசிரியரே உணர்ந்தால், சேர்க்கைப் பட்டியல் மூடப்படும்வரை அவரே அதை அடித்து, சரியான எண்ணை எழுதி, காரணத்தைக் குறிப்பிட்டு, சுருக்கொப்பம் இடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த விதி எனக்கு மனப்பாடம். நான் வேலை பார்த்த பள்ளிக்காக இதை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

சித்தூரில் தேர்வுப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, முப்பது வருஷமும் மற்றவர்கள் திருத்திய விடைத்தாள்களில் கூட்டல் சரியா என்று பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு, திருப்பதிக்கும் சந்திரகிரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் கூப்பிட்டார்கள். பதிவேடுகளை ஒழுங்குபடுத்த வேண்டும். கூடவே பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலமும் எடுக்க வேண்டும். தினமும் காலையில் சித்தூரில் பஸ் ஏறிப் போய்வந்தேன்.

பாடத்திட்டத்தை நிர்வாகம் எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தது. அதில் ஓர் அலகு, 'கிரேக்கக் காவியமும் பத்தி எழுதுதலும்'. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டவர் யாரென்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கான அடிகளில் பாடப்பட்ட கதையைப் படித்துவிட்டு, பிள்ளைகள் ஐந்து வாக்கியத்தில் ஒரு பத்தி எழுத வேண்டும். முதல் வாக்கியத்தில் கருத்து, அடுத்த மூன்றில் பாடத்திலிருந்து சான்று, கடைசியில் முடிவு. எனக்கு அந்த ஐந்து வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. எண்ணிப் பார்க்க முடிகிற எதுவும் எனக்குப் பிடிக்கும்.

கதை இது. போருக்குப் போன ஒரு தீவின் அரசன், போர் முடிந்த பிறகும் வீடு திரும்பப் பத்து வருஷம் எடுத்துக்கொள்கிறான்.

"பத்து வருஷமா வந்துக்கினே இருக்காரா சார்?" என்றான் கடைசி வரிசையில் ஒருவன்.

"கடல் வழி."

"ரேணிகுண்டா அவுட்டர்ல ட்ரெயின நிறுத்திட்டாங்க போல."

வகுப்பு சிரித்தது. நான் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். சிரிப்பு நின்றது.

அரசன் வராத அந்த வருஷங்களில், அரசியை மணக்க ஒரு கூட்டம் அரண்மனையில் வந்து உட்கார்ந்து தின்று தீர்க்கிறது. அவள் ஒரு தவணை கேட்கிறாள். கிழவரான மாமனாருக்கு, இறந்தபின் போர்த்துவதற்கு ஒரு துணி நெய்ய வேண்டும். அது முடிந்ததும் ஒருவனை மணக்கிறேன் என்கிறாள். பகலில் நெய்கிறாள். இரவில் நெய்ததைப் பிரிக்கிறாள். மூன்று வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பணிப்பெண் காட்டிக்கொடுக்கிறாள். கேள்வி: அரசியின் அறிவுத்திறனை விளக்கி ஒரு பத்தி எழுதுக. பத்து மதிப்பெண்.

முப்பத்தெட்டுப் பேர், அரசி அறிவுள்ளவள் என்று ஐந்து வாக்கியத்தில் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் பதினொரு வாக்கியம் எழுதியிருந்தாள். நகரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். நுழைவுத் தேர்வில் முதலிடம் வாங்கியதால் கட்டணம் இல்லாமல் சேர்க்கப்பட்டவள். எல்லாப் பாடத்திலும் எண்பதுக்குக் குறையாமல் வாங்கினால்தான் பதினொன்றாம் வகுப்பில் அவளுக்கு இடம். அதுவும் விதிதான், ஆனால் அதை நான் எழுதவில்லை.

அவள் எழுதியதன் சாரம் இது. நெய்த துணியைப் பிரிக்க, நெய்வதைவிட அதிக நேரம் ஆகும். குறுக்கே ஓடும் ஊடையை ஒவ்வோர் இழையாக உருவும்போது நீளவாட்டில் கட்டிய பாவு நூலில் பிசிறு எழும். மறுநாள் அதே பாவில் நெய்தால் அறுந்துகொண்டே இருக்கும். நாலே நாளில் துணியைப் பார்த்த எவருக்கும் தெரிந்துவிடும். மூன்று வருஷம் தெரியவில்லை என்றால், அத்தனை ஆண்களில் ஒருவன்கூடத் தறியருகே வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். பணிப்பெண்ணுக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவள் நூலைக் கையால் தொட்டவள். அரசியின் அறிவு தந்திரத்தில் இல்லை. தன் வேலையை யார் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்துவைத்திருந்ததில் இருக்கிறது.

நான் நாலு மதிப்பெண் போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: ஆறு வாக்கியங்கள் அதிகம், கருத்து கடைசியில் வருகிறது, சான்று பாடத்துக்கு வெளியே.

தாளைக் கொடுத்ததும் என் மேஜைக்கு வந்தாள்.

"நான் எழுதினது தப்பா சார், எழுதின மாதிரி தப்பா?"

"மாதிரிதான்."

"அப்ப எழுதினது சரியா?"

"கேள்வி அதைக் கேட்கவில்லை."

தாளை மடித்துக்கொண்டாள். "லெவன்த்ல இந்தக் கதை முழுசா வரும்ல சார்?"

"வரும்" என்றேன்.

ஆண்டு முடிவில் பட்டியல் போட்டபோது ஆங்கிலத்தில் அவளுக்கு எழுபத்தெட்டு. மற்ற எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல். அன்று மதியம் அலுவலக அறையில் உட்கார்ந்து அந்தத் தாளை மறுபடி படித்தேன். எம்.ஏ. வகுப்பில் அந்தக் காவியத்தை நானும் படித்திருக்கிறேன். அதைப் பற்றி விமர்சன நூல்களும் படித்திருக்கிறேன். துணியைப் பற்றி ஒரு கணமும் யோசித்ததில்லை. தறியருகே வந்து பார்க்காத கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் இருந்தது.

தலைமையாசிரியை தெலுங்குக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். தாளைக் காட்டி, நாலு போதாது என்றேன்.

"மாஸ்டாரு, ஒரு கோடு, ஒரு நம்பர், ஒரு இனிஷியல். ரெண்டு நிமிஷ வேலை கதா, அவ்ளோதானே? நீங்க எழுதின ரூலே இருக்கு."

"அது பிழைக்கான விதி. இது மறுபரிசீலனை. நிர்வாகத்தின் கல்விக் குழுவுக்கு எழுத வேண்டும்."

"குழு ஹைதராபாத்ல தூங்கிக்கினு இருக்கு. எழுப்பறதுக்கு யாரு போறது?"

நான் எழுதினேன். மூன்று பிரதிகள், தாளின் நகல், மதிப்பெண் பக்கத்தின் நகல், உரிய வழியாக. என் பணிக்காலத்தில் அதைவிடச் சுத்தமான விண்ணப்பம் எழுதியதில்லை.

காரணத்தை இன்று சொல்லலாம். பதிவேட்டில் திருத்தம் செய்தால் பக்கத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்ப இரண்டே சொற்றொடர்களைத்தான் நான் அனுமதித்திருந்தேன்: 'கூட்டல் பிழை', 'ஆசிரியரின் மதிப்பீட்டுப் பிழை'. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் அடுத்தவர் பிழையை வட்டமிட்ட கை, இரண்டாவதை எழுத மறுத்தது. விண்ணப்பத்தில் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் அவள் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, காலரில் நூல் தூசி ஒட்டியிருந்தது.

"லெட்டர் போட்டிருக்கீங்களாமே சார். பாப்பா சொல்லிச்சி."

"போட்டிருக்கிறேன். வந்துவிடும்."

"புத்தூர்ல கவர்மென்ட் ஜூனியர் காலேஜுல இதே மாதிரி பாடம் இருக்குதாம். பத்தாம் தேதி வரைக்கும் சீட்டு வெச்சிருக்கேன்னாங்க. அத்த உட்டுடலாமா?"

"விட்டுவிடலாம். விதிப்படி முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும்."

"நீங்க சொன்னா சரி சார்." வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டவர் திரும்பினார். "நான் படிக்காதவன். எங்க வூட்ல யாரும் இந்தக் கதையெல்லாம் கேட்டதில்ல. பாப்பா வந்து சொல்லிக்கினே இருக்கும். 'நைனா, அந்தம்மா பிரிச்சது பொய்யா இருக்கும், நீ சொல்லு'ன்னு ஒரே ரோதன."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"பாவு தாங்காதுன்னேன்."

அப்போதாவது எழுந்துபோய்ப் பதிவேட்டைத் திறந்திருக்கலாம். அலமாரிச் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

பத்தாம் தேதி போயிற்று. முதல் நினைவூட்டல் அனுப்பினேன். பள்ளி திறந்தது; இரண்டாவது நினைவூட்டல். பதினொன்றாம் வகுப்புப் பட்டியலை மூடும் நாளன்று தலைமையாசிரியை பதிவேட்டை எடுத்துவந்து, பேனாவைத் திறந்து, என் முன்னால் வைத்தார். "மாஸ்டாரு" என்றார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தில் கைவைப்பது முறையல்ல என்று நான் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளே வந்தாள். புத்தூரில் இடம் போய்விட்டது. நகரியில் ஒரு தனியார் ஜூனியர் கல்லூரியில் வணிகவியல்தான் மிச்சமிருந்ததாம். சான்றிதழைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், எல்லாவற்றையும் இருமுறை பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

"பதில் வந்துச்சா சார்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இன்னும் இல்லை."

"பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனாள்.

கல்விக் குழுவின் பதில் இரண்டு வரி. கோரிக்கை ஏற்கப்பட்டது, நான்கை ஒன்பதாகத் திருத்திக்கொள்ளலாம். திருமலைக்குப் போகிறவர்களின் கூட்டத்தால் என் பஸ் ஒரு மணி நேரம் தாமதமாகி, நான் உள்ளே நுழைந்தபோது அது மேஜைமேல் இருந்தது. உறையின்மேல் வரவு முத்திரை குத்தினேன். அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை.