நேற்றைப் பற்றிக் கேட்டவள்

பல் மருத்துவமனைகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். பல்செட்டுக்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் ஆளைத் தெரியும். மனைவி இறந்தபின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அந்த மாடியில் மற்ற வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக, ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டன. இன்று பார்த்த முகம் நாளை இருக்காது. சக்கரப் பெட்டிகள் கடகடவென்று வரும், கடகடவென்று போகும். "வெந்நீர் எப்படிங்க வரும்?" என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். அவரும் போய்க் குழாயைத் திருகிக் காட்டுவார். சிரித்து நன்றி சொல்வார்கள். அந்தப் பல்வரிசைதான் அவருக்கு நினைவில் நிற்கும், ஆள் நிற்க மாட்டார்.

"நீயும் வீட்டை அப்படி வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடேன் அண்ணே" என்று தங்கை போனில் நச்சரிப்பாள்.

"பார்க்கலாம்மா" என்று நழுவிவிடுவார்.

அப்போதுதான் நகராட்சி ஒரு சட்டம் போட்டது. சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டில் மட்டுமே நாள் வாடகை. மற்ற வீடுகளில் நிரந்தரமாக ஆள் குடிவைக்க வேண்டும். உரிமையாளர்கள் நகராட்சி வாசலில் நின்று வயிற்றில் அடிக்கிறார்கள் என்று கத்தினார்கள். இவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. மாடி வெறிச்சோடியபோது, பெட்டிச் சத்தமே தேவலை போலிருந்தது.

பிறகு எதிர்வீட்டுக்கு பஸ் ஓட்டும் பெண் ஒருத்தியும் அவள் கணவனும் குடிவந்தார்கள். அவள் வணக்கம் சொன்னதும், "சிவப்புக் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து வைங்க, வெந்நீர் வரும்" என்றார் பழக்கதோஷத்தில்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். சீருடையில் வெளியே வந்த அவள் நின்றாள்.

"சார், நேத்து ராத்திரி பூரா இருமிக்கிட்டே இருந்தீங்களே. இப்ப பரவாயில்லையா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நேத்து! எத்தனையோ வருஷமாக அந்த மாடியில் அந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. நேற்று இருந்தவர்கள் இன்றும் இருந்தால்தானே சொல்வதற்கு? அவள் படியிறங்கிப் போன பிறகும், பூட்டில் சாவியோடு அப்படியே நின்றிருந்தார். அன்று பட்டறையில் பல் பதிக்க உருக்கிய மெழுகு இரண்டு முறை ஆறி இறுகிப்போனது.

மாலையில் போனில் தங்கையிடம் இதைச் சொன்னார்.

"பக்கத்து வீட்டுக்காரங்கன்னா கேக்கத்தானே செய்வாங்க? இதுல என்ன அதிசயம்?" என்றாள் அவள்.

எப்படி விளக்குவதென்று அவர் தடுமாறிய நேரத்தில் எதிர்வீட்டில் சண்டை மூண்டது.

"பீரோவை ஜன்னல்கிட்ட வைக்காதேன்னு நேத்தே சொன்னேன்!"

"நேத்து நீ சரின்னுதானே தலையாட்டினே?"

பல்செட்டுக்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து போனை நடைக்கு நேராக நீட்டினார்.

"கேளும்மா, கேளு! நேத்து விட்ட இடத்துலேருந்து தொடர்றாங்க!"

"ஐயோ அண்ணே, அடுத்தவங்க சண்டையை ஒட்டுக் கேக்கறியா?"

அது அவர் காதில் விழவில்லை. நீட்டிய கையை இறக்காமல், மூச்சைக்கூட மெல்ல விட்டபடி நின்றுகொண்டிருந்தார்.