ஹீற்றர்மேல் அப்பா

ஈரக் கம்பளிக் கையுறை சூட்டில் காயும்போது எழும் மணம், நனைந்த ஆட்டின் மணத்திலிருந்து பெரிதும் வேறில்லை என்றாலும், புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் அதுதான் மாலை நேரத்தின் மணம். சன்னலடியில் நின்ற இரும்பு "ஹீற்றரின்" மேல் இடம்பிடிக்க நானும் தம்பியும் அடிபட, உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் அப்பா எங்கள் கையுறைகளை ஒதுக்கி, வெடித்த உள்ளங்கைகளை அதன்மேல் வைத்து, "இந்தக் குளிர் ஆளைத் தின்னுது" என்பார். சொன்னபடியே தின்றது. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்திலேயே, பஸ்ஸுக்காகப் பனியில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிறகு எழும்பவில்லை.

அப்பாவின் சாம்பலைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஊரில் கடல் எந்த மாதமும் கடல்தான். ஆறு கல்லாகிக் கிடக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஐயர் குறித்த நாளில் சித்தப்பா எங்களை ரொக்ஸ்பரோவில் இருந்த ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். உறைந்த ஆற்றின் நடுவில் ஒரு வெள்ளைக்காரர் பனிக்கட்டியில் துளையிட்டு, கதிரை போட்டிருந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியைக் காணேல்லையே, அண்ணி" என்றார் சித்தப்பா.

திரும்பி வந்தபோது பெரியம்மா வாசலில் மறித்தார். "வெளிய போன சாம்பல் வீட்டுக்க வரக்கூடாது. பின்பக்கப் பல்கனியில வை."

யாரையும் எதிர்த்துக் கதைத்தறியாத அம்மா, "வெளியில வைச்சா அவருக்குக் குளிரும், அக்கா" என்று சொல்லிவிட்டு, நேரே போய்ச் சாம்பல் பெட்டியை ஹீற்றரின்மேல் வைத்தார்.

பனி உடையும்வரை அப்பா அங்கேதான் இருந்தார். நாங்கள் காயாத கையுறைகளோடு பள்ளிக்கூடம் போனோம். விரல் மரத்தாலும் முறையிடவில்லை. அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டியபடி, "ஆறு இன்னும் திறக்கேல்லையாம், இருங்கோ" என்று அவருக்குச் சொல்லுவார். ஆறு திறந்துவிட்டதாகச் சித்தப்பா சொன்ன பிறகும், "வாற கிழமை பாப்பம்" என்று அம்மா தள்ளிக்கொண்டே போனார்.

போன தை மாதம் அம்மாவும் போய்விட்டார். அந்த வீடு இன்று இல்லை, இரும்பு ஹீற்றரும் இல்லை. ஆறு உறைந்துதான் கிடக்கும், அம்மாவையும் பனி உடையும்வரை வீட்டில் வைத்திருக்கலாம் என்ற ஆசையில், என் வீட்டு மின்சார ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் அம்மாவின் சாம்பலோடு புறப்பட்டேன். அந்த முறை குளிர் போதாமல், ரொக்ஸ்பரோவில் ஆறு உறையாமல் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு அக்கா, இண்டைக்கே முடிச்சிடலாம்" என்றான் தம்பி.

அப்பாவுக்குக் கிடைத்த அந்த ஒரு குளிர்காலம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. வீடு வந்து, நனைந்த கையுறைகளை அந்த முக்காலியில் காயப்போட்டேன்.