இருக்கைக்கு அடியில் தேய்ந்த வயர்

பட்டறையில் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்று பெயர். காரில் எது கெட்டாலும் மற்றவர்கள் மாற்றிக் கொடுத்து அனுப்புவார்கள். அவள் மட்டும் ஏன் கெட்டது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காரணம் தெரியாமல் புது பியூஸ் போடுவது, அடுத்த பியூஸுக்கு நாள் குறிப்பது என்பாள். அதே பட்டறையில் நசுங்கிய கார்களைத் தட்டி ஒடுக்கெடுக்கும் அவள் கணவர், “எல்லா வயருக்கும் பியூஸ் வச்சிருக்கான், உன் வாய்க்கு வைக்க மறந்துட்டான்” என்பார்.

ஒருநாள் வாடகைக் கார் கம்பெனி முதலாளி ஒருவர் டிரைவரோடு வந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சவாரி வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்களாம். விளக்கை மட்டும் அணைத்துவிட்டால் போதும், கனெக்டரில் சின்னதாக ஒரு ரெசிஸ்டர் சொருகி எல்லாம் சரி என்று காரை ஏமாற்றினால் அணைந்துவிடும் என்று வேறொரு இடத்தில் சொன்னார்களாம்.

“நெருப்புன்னு கத்துறவன் வாயைப் பொத்தினா நெருப்பு அணைஞ்சிடுமா சார்?” என்று கேட்டுவிட்டு ஸ்கேனரை மாட்டினாள்.

கோளாறு ஏர்பேக்கில் இல்லை, அதே விளக்கு காவல் காக்கும் இன்னொன்றில், டிரைவர் இருக்கையின் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியின் சர்க்யூட்டில் என்று காட்டியது. வண்டி மோதும் நொடியில் ஒரு சின்ன வெடிமருந்து வெடித்து, பெல்ட்டைச் சுண்டி இழுத்து ஆளை இருக்கையோடு பிடித்துக்கொள்ளும். வெடிக்கச் சொல்லும் கட்டளை போகிற வயர் சரியில்லை என்றால் பெல்ட் வெறும் நாடாதான்.

அந்தக் கருவியில் வயரைச் சோதிக்கும் மீட்டரை வைக்கவே கூடாது. மீட்டரின் கொஞ்ச மின்சாரமே அதை வெடிக்க வைத்துவிடலாம். பேட்டரியைக் கழற்றி, உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை யாரையும் காரில் கைவைக்க விடாமல் நின்றாள். பிறகு கருவியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சோதனைக்காக ஒரு ரெசிஸ்டரை மாட்டி, பேட்டரியை இணைத்துப் பார்த்தாள். கோளாறு அப்படியே இருந்தது. ஆக, கருவி நிரபராதி, குற்றவாளி வயர். இருக்கையை முன்னால் தள்ளினால் ஸ்கேனரில் கோளாறு மறைந்தது, கடைசிவரை பின்னால் தள்ளினால் திரும்பி வந்தது; விளக்கு மட்டும் ஒருமுறை எரிந்தால் பதிவை அழிக்கும்வரை அணையாது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். இருக்கை நகரும் தண்டவாளத்தில் உரசி உரசி, வயர் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வழக்கம்போல ‘ஏன்’ வந்தது. டிரைவர் குள்ளமான மனிதர். இருக்கையை நன்றாக முன்னால் இழுத்தால்தான் அவருக்குக் கால் எட்டும். விடை கிடைத்த சந்தோஷத்தில் அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

“இந்த சீட்டை யாரோ தினமும் கடைசிவரைக்கும் பின்னால தள்ளுறாங்க சார். ஓட்டுறதுக்கு இல்ல, படுக்கிறதுக்கு.”

டிரைவர் தலை குனிந்தார். தான் யாரைக் காட்டிக்கொடுத்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“என் கார் உனக்கு லாட்ஜா? சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பு” என்றார் முதலாளி.

ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் நடுவில் வீட்டுக்குப் போய்வர நேரமில்லை என்று டிரைவர் முணுமுணுத்தார். டிரைவர்களுக்கென்று ஆபீஸில் ஓர் அறை உண்டாம். அதில் டயர் அடுக்கியிருக்கிறதாம். டயருக்கு அறை, மனிதனுக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு முடக்கம். தூங்க விடாமல் ஓட்டச் சொல்கிறார்கள்; அந்த அரைத் தூக்கத்தில் எங்காவது மோதினால் பிடித்துக்கொள்ள வேண்டிய பெல்ட்டின் வயரையும் அதே அரைத் தூக்கம் அறுத்து வைத்திருக்கிறது. இதில் குற்றவாளி படுத்தவனாம். இதற்குப் பெயர் நிர்வாகம்.

ஏன் அக்கா டார்ச்சை அணைக்கவில்லை. “இவரை அனுப்புறதுக்கு முன்னாடி உங்க மத்த வண்டியையும் பாத்துடலாம் சார்” என்று அடுத்த தெருவிலிருந்த ஆபீஸுக்கு நடந்தாள். சண்டைக்கு ஆள் குறையக் கூடாது என்று கணவரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனார். அங்கே நின்ற கார்களில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். சிலதில் வயர் பாதி தேய்ந்திருந்தது, சிலதில் தோல் மட்டும் உரிந்திருந்தது. இடம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

“எல்லாரும் லாட்ஜுலதான் சார் தங்குறாங்க. சாவி வாங்கணும்னா ஒரு கூடை கொண்டாங்க.”

சுற்றி நின்ற டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அவர்களை ஒருமுறை பார்த்தார், மறுநாள் சவாரிகளை நினைத்துக்கொண்டார். பிச்சை போடுகிற முகத்தோடு, வண்டியை எடுத்துக்கொள்ளும்படி குள்ளமான டிரைவரிடம் சொன்னார். எல்லாக் காருக்கும் இனிமேல் அறாத மாதிரி வயர் போடச் சொன்னார்.

ஒட்டுப்போடாமல் புது வயரே போட்டாள். தண்டவாளத்துக்கு விலக்கி, இருக்கை கடைசிவரை போனாலும் உரசாதபடி தளர்வு விட்டுக் கட்டினாள். ஸ்கேனரில் பதிவை அழித்ததும் விளக்கு அணைந்தது. அப்படியே டயர் அடுக்கிய அந்த டிரைவர் அறையையும் காலி பண்ணிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டாள்.

“அதான் வயர் சரியாயிடுச்சேம்மா. இன்னும் எதுக்கு ரூம்?”

மனிதனை முடக்கிப் படுக்கவைக்கத் தோதாக, தன் கையாலேயே காரைத் திருத்திக் கொடுத்திருக்கிறாள். டிரைவர் இருக்கையை முன்னால் இழுத்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, வேலை தப்பியதற்கு நன்றி சொன்னார். அவளால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“கண்ணு சொருகினா ஓட்டாதீங்க அண்ணே.”

“ஓட்டலைன்னா தூங்குறதுக்கு வண்டி ஏதும்மா” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சவாரிக்குக் கிளம்பினார்.