மூன்றாவது முடிச்சு

என் சித்தப்பாவின் கல்யாணம் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா தமிழர், அம்மா ஈப்போவில் பிறந்த சீனப் பெண். முகம் முழுக்க அம்மாவிடமிருந்தும் பேச்சு முழுக்க அப்பாவிடமிருந்தும் எனக்கு வந்திருந்தன.

தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் சகோதரி போடவேண்டும். சித்தப்பாவுக்கு அக்கா தங்கை கிடையாது. அண்ணன் மகள் போடட்டும் என்று அவர் சொன்ன நாளிலிருந்து அம்மா எனக்குப் பயிற்சி கொடுத்தாள். சடங்கு அவளுக்குத் தெரியாது, முடிச்சு தெரியும். மூங்கில் இலையில் புளுட் என்கிற ஒட்டரிசியைப் பொதிந்து, நூலால் கட்டி வேகவைப்பாளே, அந்த முடிச்சு. கொதிக்கிற தண்ணீரிலும் அவிழாது. மேசைக் கால், நாற்காலிக் கால், தூங்குகிற அப்பாவின் கட்டைவிரல் என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

முகூர்த்த நேரத்தில் பட்டுப் பாவாடையோடு மணவறையில் ஏறினேன். தாப்பா ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா கையை நீட்டி மறித்தார்.

“சீனப் பிள்ள கையாலயா? நம்ம பழக்கம் அதுக்கு என்னா தெரியும்? வேற யாரையாச்சும் கூப்பிடு.”

சித்தப்பா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். “என் அண்ணன் மவ இருக்கா, பெரியண்ணே. அவ முடிச்சு போடுறதா இருந்தாத்தான் நான் தாலி கட்டுவேன்.”

மேளக்காரர் குச்சியை உயர்த்தியபடி காத்திருந்தார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியப்பா நகர்ந்துகொண்டார்.

அவர் மறித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அத்தனை கண்களைப் பார்த்ததும் எந்த நூல் மேலே, எந்த நூல் கீழே என்பது மறந்துபோனதுதான் என் கவலை.

“சித்தப்பா, அம்மா பக்கத்துல நின்னாத்தான் எனக்கு முடிச்சு வரும்.”

“அண்ணி, மேல வாங்க!” மண்டபமே கேட்கும்படி கூப்பிட்டார் சித்தப்பா.

கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்து என் பின்னால் நின்றாள். கெட்டிமேளம் முழங்கியது. சித்தப்பா இரண்டு முடிச்சு போட்டார். மூன்றாவதை நான் இழுத்துக் கட்டினேன்.

“மெதுவாம்மா,” என்று முனகினார் புதுச் சித்தி.

பெரியப்பா குனிந்து பார்த்தார். “அவிழாது பெரியப்பா,” என்றேன். கையில் மிச்சமிருந்த அட்சதையை அவர் என் தலையில் போட்டார்.

பந்தியில் எல்லாரும் என்னை “நாத்தனாரே” என்று கூப்பிட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வீடு போய்ச் சேரும்வரை அம்மா என் கையை விடவேயில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த இத்தனை வருஷத்தில், அந்தக் குடும்பத்தின் எந்த மணவறைக்கும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. முடிச்சு மறந்துபோயிற்றே என்றுதான் நான் அவளைக் கேட்டேன்.