ரப்பர் மரத்தடியில் நின்ற பெண்

ஊகித்து எழுதப்பட்ட ஒரு வரியைப் பற்றிய செய்தி இது. ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே தருகிறேன்.

பிரிக்பீல்ட்சில் ஒரு பதிப்பகத்தின் பள்ளி வரலாற்று நூலுக்கு மெய்ப்புப் பார்த்தேன். பழைய புகைப்படமொன்றில் ஒரு பெண் பால் எடுக்க ரப்பர் மரம் சீவுகிறார். அருகே ஓர் ஆண் வாளியுடன் நிற்கிறார். கீழே, ‘தோட்டத் தொழிலாளியும் அவர் மனைவியும்’ என்றிருந்தது.

பதிப்பாசிரியரிடம், “மரம் சீவுறது யாரு தம்பி? ‘தொழிலாளர் இருவர்’னு மாத்துங்க,” என்றேன்.

“பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டாங்க லா, அக்கா. சரி, நான் பாத்துக்கறேன்,” என்று சிரித்தார்.

அச்சாகி வந்த நூலில் பெண் நின்ற பாதியை வெட்டிவிட்டிருந்தார்கள். வாளியோடு அந்த ஆண் மட்டும் நின்றார். கீழே ‘தோட்டத் தொழிலாளி’. அந்தப் பெண்ணைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதைவிட இல்லாமல் ஆக்குவது எளிதாக இருந்திருக்கிறது.

அப்பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அருகில் நின்றவர் அவருடைய கணவர்தாமா என்பதும் தெரியாது.