கீழ் ஐந்து கோடுகள்

இதை நீங்கள் கதை என்று எடுத்துக்கொண்டால் எனக்கு நிம்மதிதான். ஆனால் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ ஒரு 'கிர்ர்' கேட்டால் போதும், எந்த மாடி, எந்தச் சக்கரம், எந்த போல்ட் என்று சொல்லிவிடுவேன். பதினெட்டு வருடமாக அதுதான் பிழைப்பு. சத்தம் என்று ஒன்று வந்தால் அதற்குக் காரணம் என்று ஒன்று இருக்கும்.

இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

அக்காவிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். காது நரம்பில் கட்டி. இடது காது போன வருடமே போய்விட்டது. வலது பக்கமும் கட்டி வளர்ந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "உயிருக்குப் பயமில்லை. ஆனா அதுக்கப்புறம் எதுவும் கேட்காது" என்றார் சர்ஜன். நடுவில் இருபத்திரண்டு நாள் இருந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அவளா அழுவாள்?

"டேய், உன் வீட்டுல ஒரு பியானோ சும்மாதானே கிடக்கு? ஒரே ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு. கேட்டுட்டுப் போறேன்."

"எனக்கு அதுமேல துணி மடிச்சு வைக்கத்தான் தெரியும்."

"இருபத்திரண்டு நாள் இருக்கு, கத்துக்கோ. நீ வாசிக்கிறதைக் கேட்டா, காது போறதே தேவலைன்னு எனக்குத் தோணணும். அதுக்குத்தான் கேக்குறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் தனி ஆள். இரண்டாம் மாடியில் வாடகை வீடு. பியானோ வீட்டோடு வந்தது. யாரோ எப்போதோ மேலே ஏற்றி, இறக்க முடியாமல் விட்டுப்போனது. வாத்தியார் தேட நேரமில்லை. புதிதாகப் பழகுபவர்களுக்கான புத்தகம் ஒன்று வாங்கினேன்.

முதல் பாட்டு ஒரே பக்கம். குறுக்குக்கோடு போட்டுப் பிரித்த பதினாறு கட்டங்கள். ஒவ்வொரு வரியிலும் மேலே ஐந்து கோடு, அது வலது கைக்கு. கீழே ஐந்து கோடு, அது இடது கைக்கு. கோட்டின் மேலும் கோடுகளுக்கு நடுவிலும் புள்ளிகள். எந்தப் புள்ளிக்கு எந்தக் கட்டை என்று அடிக்கோட்டிலிருந்து எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். வயரிங் படம் பார்த்து வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

மேல் கோடுகளுக்கான விளக்கத்தை வரி விடாமல் படித்தேன். கீழ்க்கோடுகளுக்கான விளக்கம் அடுத்த பக்கத்தில் இருந்தது. படிக்காமல் புரட்டிவிட்டேன். அதே ஐந்து கோடுதானே? அதே கணக்கையே அதற்கும் போட்டேன்.

தினமும் மாலை ஆறரையிலிருந்து ஏழு வரை. கீழ்வீட்டுக்காரர் அவ்வளவுதான் அனுமதித்தார். "ஏழு தாண்டினா நான் பாட ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்றார்.

என் இரண்டு கைகளும் பியானோவின் நடுவில் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டன. கட்டைவிரல் மேல் கட்டைவிரல் ஏறியது. பியானோ என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள். மாலை 6.47.

நாலாவது கட்டத்தில் திணறிக்கொண்டிருந்தேன்.

'டொம்...'

கனமான சத்தம். இடப்பக்கத்திலிருந்து. என் கைகள் இரண்டும் நடுவில் இருந்தன.

தொழில் புத்தி. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை. கம்பி எதுவும் தளரவில்லை.

மறுநாள் 6.41. மூன்று 'டொம்'. அதற்கு அடுத்த நாள் ஏழு. தாளம் தப்பவில்லை. நான் தடுமாறி நின்றால் அதுவும் நின்றது. நான் தொடர்ந்தால்... தொடர்ந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை, பியானோவுக்குச் சுருதி கூட்டும் ட்யூனரை வரவழைத்தேன். அரை மணி நேரம் குடைந்தார்.

"ஒரு கோளாறும் இல்ல சார்." விரலால் கட்டைகளைத் தடவினார். "வலது பக்கமெல்லாம் ஒரே தூசி. இடது பக்கம் பளபளன்னு இருக்கு. அந்தக் கை நல்லாப் பழகியிருக்கும்போல."

நான் அந்தப் பக்கம் கை வைத்ததே இல்லை.

"எங்க, கொஞ்சம் வாசிங்க."

வாசித்தேன். மனிதர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"யார் சார் உங்க வாத்தியார்?"

"நான்தான்."

"அதானே பார்த்தேன். கீழ்க்கோட்டுக்குக் கணக்கே வேற சார். ரெண்டு கையையும் ஒரே வீட்டுல குடிவெச்சுட்டீங்க. இடது கை இங்க வரணும்."

தள்ளி, இடப்பக்கத்தில் கை வைத்து வாசித்துக் காட்டினார்.

டொம்... டொம்... டொம்...

பத்து நாளாக நான் கேட்டுவந்த அதே சத்தங்கள். அதே வரிசை. புத்தகத்தில் அச்சடித்திருந்ததை என்னைவிடச் சரியாகப் படிக்கத் தெரிந்த யாரோ வாசித்திருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து.

மீதி மூன்று நாள். அக்காவிடம் முடியாது என்று சொல்லிவிட நினைத்துப் போனை எடுத்தேன். நம்பரைப் போடாமலே வைத்துவிட்டேன். வலது கையை மட்டும் வாசிப்பது என்று முடிவு செய்தேன்.

இருபத்தொன்றாம் நாள். மறுநாள் காலை ஆபரேஷன். அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். மாலை 6.30. போனை பியானோவின் மேல் வைத்தேன்.

"ஆரம்பிடா. நர்ஸ் ஊசியோட வர்றதுக்குள்ள முடிச்சுடு."

இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். 6.34. வலது கையால் ஆரம்பித்தேன்.

முதல் கட்டம். வேறு சத்தமில்லை.

இரண்டாவது.

டொம்...

திரும்பக்கூடாது என்று நினைத்தேன். திரும்பினேன். இடப்பக்கக் கட்டைகள் இறங்கின. ஏறின. அவற்றின்மேல் விரல் இல்லை.

பெஞ்சின் இடது ஓரம் மெல்ல அமுங்கியது.

கதவு நாலடி தூரம். எழுந்து ஓடலாம். ஆனால் போனில் அக்காவின் மூச்சு கேட்டது. இனிமேல் அவள் கேட்பதற்கு எதுவுமில்லை. இது ஒன்றுதான்.

ஓடவில்லை.

பன்னிரண்டாவது கட்டம். என் இடது முழங்கையில் ஏதோ உரசியது. சில்லென்று.

பதிமூன்று.

விலாவில் ஒரு இடி. தள்ளி உட்கார் என்பதுபோல.

தள்ளி உட்கார்ந்தேன்.

பதினைந்து...

பதினாறு.

6.36.

போனில் அக்கா சொன்னாள், "இடது கை பிரமாதம்டா. வலது கைதான் நொண்டுது."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சர்ஜன் சொன்னதுபோலவே அவளுக்கு எல்லாச் சத்தமும் நின்றுபோனது. எழுதிக் காட்டித்தான் அவளோடு பேச்சு. பியானோ இருந்த அறைக்கே நான் போகவில்லை. வேறு வீடு பார்த்துச் சாமான்களைக் கட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, மெக்கானிக் புத்தி சும்மா இருக்கவில்லை. அது இன்னும் இருக்கிறதா? உட்கார்ந்தேன். நாலு கட்டம் வாசித்தேன். டொம்... கூடவே வந்தது. சடாரென்று மூடியைச் சாத்திவிட்டு எழுந்தேன்.

6.33க்கு போனில் ஒரு செய்தி. அக்கா.

'டேய், இப்ப வாசிச்சியா?'

அவள் வீடு அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.

'உன் கை கேக்கல. இடது கை மட்டும் கேட்டுது. நாலு கட்டம். ஏன்டா நிறுத்திட்டே? ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குக் கேட்ட ஒரே சத்தம் அதுதான்.'

பெட்டிகளைப் பிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? இப்போது புத்தகத்தில் ஏழாவது பாட்டுக்கு வந்திருக்கிறேன். தினமும் ஆறரைக்குப் பாதி பெஞ்சில் உட்காருகிறேன். ஏழுக்கு மூடியைச் சாத்துகிறேன். அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சத்தம்கூடக் கிடையாது. பதினெட்டு வருடமாகச் சத்தத்தோடு பிழைப்பவன் சொல்கிறேன், கிடையவே கிடையாது.

நேற்று இரவு 7.04க்கு அக்காவிடமிருந்து வந்த செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

'நீ மூடியைச் சாத்தினதும் தினமும் யாரோ உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்களே... ஏன்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறே?'